அண்ணன் முன்னால் சொன்ன சட்டம்

பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பது பெரியவர்களுக்குப் பிடித்தமான வேலை. கேட்டுவிட்டு, எந்தக் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். டோங்கா தலைநகர் நுகுவலோஃபாவின் வானொலியில் சனிக்கிழமை காலை வரும் மாணவர் அரங்கமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, சியாலே அதில் பேசப் போன நாள்வரைக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மிஸ் லோசலின் அவளையும் அவள் சிநேகிதி தோகாசேயையும் வராந்தாவில் நிறுத்தினார். மிஸ் ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். டோங்கா மொழியை நன்றாகவே பேசுவார், கொஞ்சம் புத்தகத்தனமாக.

"மூணு கேள்வி. வாழ்க்கைல ஒண்ணு, படிப்புல ஒண்ணு, நாட்டு நடப்புல ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பந்து விளையாடலாமா, பாடம் ஆங்கிலத்துலயா நம்ம மொழிலயா, பெண்களுக்கு நிலம் கொடுக்கலாமா. தைரியமா பேசுங்க. யார் மனசும் நோகாம பேசுங்க."

"ரெண்டும் ஒண்ணா எப்படி மிஸ்?" என்றாள் தோகாசே.

"முயற்சி பண்ணு. அப்புறம், உங்களோட பேச வர்றதா இருந்த பையன் ரக்பி டீமோட வெளியூர் போயிட்டான். அவனுக்குப் பதிலா மேல் வகுப்பு லிசியாத்தே வர்றான்."

தோகாசேயின் வாய் திறந்தபடி நின்றது. "மிஸ், லிசியாத்தே இவ அண்ணன்."

"தெரியும். நிலச் சட்டம்தானே பேசப் போறோம், காதலா கத்திரிக்காயா? இதுல என்ன வெட்கம்?"

அண்ணன் தங்கை விஷயத்தில் டோங்கா நாடு கறாரானது. கூடப் பிறந்தவனோ, சித்தப்பா பெரியப்பா மகனோ, அண்ணன் என்றால் அண்ணன். வயது வந்த பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. ஆண் பெண் சமாச்சாரம் எதுவும், கேலியாகக்கூட, இரண்டு பேர் காதிலும் ஒரே இடத்தில் விழக் கூடாது. விழுந்தால் அண்ணன்காரன் எழுந்து வெளியே போய்விடுவான். பேருந்தில் எவனாவது பச்சையாக எதையோ ஆரம்பித்தால், "டேய், அவ அண்ணன் பின்னாடி இருக்கான்" என்று பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். பேச்சு அத்தோடு செத்துவிடும். நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அதனால் மிஸ் சொன்னதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. தலைமையாசிரியருக்கும் தெரியவில்லை. சட்டத்தை யாரும் முழுசாகப் படித்ததில்லை, அதுதான் காரணம்.

சியாலே படித்திருந்தாள். படிக்க வேண்டிய நிலைமை அவளுக்கு.

லிசியாத்தே அவள் அப்பாவின் மூத்த தாரத்து மகன். அவனைப் பெற்றவள் சீக்கிரம் போய்ச் சேர, சித்தப்பா மொசேசே தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் வளர்த்தார். அப்பா பிறகு பிசிலாவைக் கட்டினார். சியாலே பிறந்தாள். இப்போது அப்பாவும் இல்லை. வீட்டு மனையும் தெற்குச் சாலையில் சேம்பும் மரவள்ளியும் விளையும் தோட்டமும் விதவை என்ற முறையில் பிசிலாவின் கையில் இருந்தன. பிசிலாவுக்குப் பிறகு லிசியாத்தேக்குப் போகும். சியாலேக்கு எந்தக் காலத்திலும் வராது. இதுவரைக்கும் ஊருக்கெல்லாம் தெரியும். சட்டத்தில் இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. விதவை மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டால் நிலம் போகும். பண்ணிக்கொள்ளாமல் ஒருவனோடு இருக்கிறாள் என்று நிரூபித்தாலும் நிலம் போகும்.

பிசிலாவுக்கு மாகா இருந்தான். தச்சன். பெண்டாட்டி இல்லாதவன். அதிகம் பேசாதவன். அவன் வண்டி அவர்கள் வீட்டுப் பின்பக்கச் சந்தில் நிற்கும் நாட்களில் அம்மா பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்வாள். சியாலே அதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா முணுமுணுக்கவில்லை. பின்வாசலில் குந்தி மரவள்ளிக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"உன் சித்தப்பா வந்துட்டுப் போனார்."

"எதுக்கு?"

"நம்ம வீட்டுக்குள்ள வரல. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் பேசிட்டுப் போனார். மாகா வண்டி எப்ப வருது, எப்ப போகுது, காலைல யார் பார்த்தீங்க, கூப்பிட்டா வந்து சொல்லுவீங்களா."

சியாலே பையைக் கீழே வைத்தாள். "சொல்றேன்னாங்களா?"

"ஒருத்தர் சொல்றேன்னிருக்கார். ஒருத்தர் போதுமே." கத்தி தோலை நீளமாக உரித்துக்கொண்டே போனது. "லிசியாத்தேக்கு வயசு வந்துடுச்சுல்ல. அவன் பேர்ல நிலக் கோர்ட்டுல வழக்கு. திங்கக்கிழமை போடுறாங்களாம், அன்னிக்கே விசாரணையாம். நிலம் அவன் பேருக்கு, விவசாயம் இவர் கைக்கு."

"அண்ணன் ஒத்துக்கிட்டானா?"

"வளர்த்தவர் சொல்றார். அவன் என்ன செய்வான்?" பிசிலா நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு ரேடியோல என்ன பேசப் போற?"

"பொம்பளைக்கு நிலம் வேணுமா வேணாமான்னு."

கத்தி நின்றது.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"மாட்டேன்."

"அப்ப பந்தைப் பத்திப் பேசு, படிப்பைப் பத்திப் பேசு. நிலம் வந்தா வாயை மூடிக்க. விதவைங்கிற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது. இன்னிக்கு இந்தத் தெருவுக்குத்தான் தெரியும். நீ வாயைத் திறந்தா, இந்தப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு தீவு பூரா கேக்கும். அப்புறம் சாட்சி ஒண்ணு ஒன்பதாகும்."

"நான் பேசாம இருந்தா மட்டும் வழக்குப் போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. ஆனா நம்ம பக்கம் நாலு பேராவது நல்ல பொம்பளைன்னு சொல்லுவாங்க. அதையும் கெடுத்துடாத. எங்க போய் இருப்போம்? எங்கம்மா வீட்டுல என் தம்பி பெண்டாட்டி நம்மள ஒரு மாசம் வெச்சிருப்பாளா?"

சியாலேக்கு வந்தது அழுகை இல்லை. தப்புச் செய்யாத ஒருத்தி நல்ல பொம்பளை என்று பெயர் வாங்கப் பதுங்க வேண்டியிருப்பதில் வந்த எரிச்சல். ஆனாலும், "சரி, பேசல" என்றாள்.

மறுநாள் வானொலி நிலையத்தின் சின்ன அறைக்குள் ஒரு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். லிசியாத்தே முதலிலேயே வந்து கோடியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, ஊர் மரியாதைப்படி இடுப்பில் பாய் வரிந்து கட்டி, தலை படிய வாரியிருந்தான். சியாலே உள்ளே வந்ததும் பார்வையைச் சுவருக்கு மாற்றினான். அது கோபம் இல்லை, முறை. கிழங்கு அறுவடையில் முதல் கூடையைத் தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறவன் அவன். ஆனால் இன்று அவன் காது மடல் சிவந்திருந்தது. திங்கட்கிழமை அவனுக்கும் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரரும் அறிவிப்பாளர் பெண்ணும் இருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

பந்துக் கேள்வியைத் தோகாசே பிடித்துக்கொண்டாள். "விளையாடலாம் மிஸ். சர்ச்சு முடிஞ்சு மண்ணடுப்பைப் பிரிச்சுச் சாப்பிட்டுட்டு ஊரே குறட்டை விடுது. தூங்கினா பாவம் இல்ல, பந்தை உதைச்சாப் பாவமா? எங்க பாதிரியார் குறட்டை எங்க வீடுவரைக்கும் கேக்கும்."

மிஸ் அவசரமாக அடுத்ததற்குத் தாவினார்.

"பரீட்சைல கணக்கைச் சரியாப் போட்டிருப்பேன்" என்றாள் சியாலே. "விளக்கம் எழுதறப்ப ஆங்கிலம் தப்பாயிடும். மார்க் போயிடும். அறிவுக்கு மார்க்கா, நாக்குக்கு மார்க்கா? எங்கம்மாவுக்கு எந்த மண்ணுல எந்தக் கிழங்கு வரும்னு தெரியும். ஆங்கிலத்துல கேட்டா முட்டை வாங்குவாங்க."

"இப்ப பேசினவங்க சொன்னது சரி" என்றான் லிசியாத்தே, மிஸ்ஸைப் பார்த்து. "நானும் அப்படித்தான் போன வருஷம் தோத்தேன்."

ஒரு நொடி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மிஸ் மூன்றாவது கேள்வியைப் படித்தார்.

லிசியாத்தே தொண்டையைச் செருமினான். சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. சித்தப்பா காவா பானக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் தோரணை அப்படியே இருந்தது.

"நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு என்ன குறை மிஸ்? எங்க குடும்பத்துல எங்க கலோலைன் அத்தைதான் எல்லாருக்கும் மேல. கூடப் பிறந்தவங்களோட பிள்ளைங்க, சொத்து, எது மேலயும் அத்தைக்கு உரிமை உண்டு. ஃபாஹுன்னு அதுக்குப் பேரே இருக்கு. சாவு வீட்டுல நல்ல பாயெல்லாம் அவங்களுக்கு. விருந்துல பெரிய கேக் அவங்களுக்கு. அவங்க நாற்காலில உக்காந்தா எங்க சித்தப்பா தரைல உக்காருவார். நிலம் ஆம்பளைக்கு, மரியாதை பொம்பளைக்கு. இதுல யாருக்கு நஷ்டம்?"

"புருஷன் இல்லாதவங்க?" என்று கேட்டார் மிஸ்.

"விதவை சாகுறவரைக்கும் நிலத்துல இருக்கலாம். வெளிய போன்னு யாரும் சொல்ல முடியாது. சட்டமே அப்படித்தான்."

தோகாசே மேசைக்கடியில் சியாலேயின் காலை மிதித்தாள். அமைதியாக இரு என்று அர்த்தம். சியாலே அமைதியாகத்தான் இருந்தாள். அம்மா வீட்டில் பழைய வானொலிப் பெட்டியில் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பாள், கத்தியைக் கையில் பிடித்தபடி. மகள் வாய் திறக்கவில்லை என்றதும் மூச்சு விடுவாள். திங்கட்கிழமை வரும். யாரும் சொல்ல முடியாததை ஒரு கோர்ட்டு சொல்லும்.

"சியாலே, நீ ஏதாவது சொல்றியா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மிஸ். பாய் மேல சேம்பு முளைக்குமா? கேக்கைத் தோண்டினாக் கிழங்கு வருமா?"

தோகாசே சிரித்துவிட்டாள். மிஸ்ஸும் புன்னகைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். லிசியாத்தேயும் சுவரைப் பார்த்தபடி லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளைத் தள்ளிவிட்டது.

"அப்புறம், விதவை விஷயம். சட்டம் அப்படி இல்ல. நான் படிச்சிருக்கேன். விதவை ஒரு ஆம்பளையோட படுத்தான்னு நிரூபிச்சா, நிலத்தைப் பிடுங்கிக்கலாம்னு சட்டம் சொல்லுது."

நாற்காலி கிறீச்சிட்டது. லிசியாத்தே எழுந்தான். காதில் மாட்டியிருந்த கருவியின் கம்பி இழுத்துக்கொண்டு மேசைத் தண்ணீரைக் கவிழ்த்தது. அவன் அதைப் பிய்த்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் அறிவிப்பாளர் பெண்ணைப் பார்த்தார். அவள் அவருக்குச் சித்தப்பா மகள். அவரும் எழுந்து போய்விட்டார்.

வானொலியில் மேசையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"சியாலே" என்றார் மிஸ், மிக மெதுவாக. ஆக்லாந்து முகத்தில் ரத்தமே இல்லை.

சியாலே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை விரட்ட வேண்டும் என்று அவள் திட்டம் போட்டு வரவில்லை. ஆனால் அவன் போன விதத்தைப் பார்த்ததும் மனதுக்குள் என்னவோ கழன்று விழுந்தது.

"பாருங்க மிஸ். ஒரு அண்ணன் காதுல விழ முடியாத சட்டம் இது. அப்ப கோர்ட்டுல யார் சொல்வாங்க? பார்த்தேன், இந்த நாள் பார்த்தேன்னு ஒரு ஆம்பளை எந்திரிச்சு நின்னு சொல்லணுமே. அங்க அவன் தங்கச்சி உக்காந்திருந்தா? அக்கா உக்காந்திருந்தா? வெளிய போயிடுவானா, இல்ல நிலத்துக்காக..."

அறிவிப்பாளர் பெண் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். தேவாலயப் பாட்டு ஒன்று நடுவிலிருந்து ஆரம்பித்தது.

வீட்டுக்கு நடந்த வழியில் கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தோகாசே கூடவே வந்தாள், பாதி தூரம்.

"நிறைய வீட்டுல இப்ப அண்ணன் தம்பியெல்லாம் முற்றத்துல நிக்கறாங்கடி" என்றாள். "எங்க வீட்டுல மாமாவே எந்திரிச்சு ஓடிட்டாராம், அம்மா போன் பண்ணினாங்க. பன்னிக்குட்டியெல்லாம் பயந்துடுச்சாம்."

"சிரிக்காதே."

"அழவா? உங்கம்மா உன்னை உரிச்சுடுவாங்க. அழற வேலையை அப்ப வெச்சுக்கலாம்."

அம்மா உரிக்கவில்லை. பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"திங்கக்கிழமைவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? நீதான் தேதியை முன்னாடி இழுத்துட்டியே."

"அம்மா, அவங்களால கோர்ட்டுல சொல்ல முடியாது. யோசிச்சுப் பாரு."

"ரேடியோல சொல்லியாச்சுல்ல, இனிமே கோர்ட்டு எதுக்கு? என் படுக்கையை நீ எடுத்து நடுத்தெருவுல விரிச்சுட்ட." அவள் குரல் உயரவே இல்லை. "என் பேரைச் சொல்லல நீ. சொல்ல வேண்டிய அவசியமே இல்ல."

சியாலே பதில் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி நின்றது. சித்தப்பா ஓட்டிவந்த திறந்த வண்டி. பின்னால் லிசியாத்தே. முன்னால், கதவை நிறைத்துக்கொண்டு, கலோலைன் அத்தை.

அத்தை அப்பாவுக்கும் மூத்தவள். இரண்டு தம்பிகளையும் ஒரு புருவத்தால் நடத்தியவள். அவள் இறங்கி உள்ளே வந்தாள். தம்பியும் லிசியாத்தேயும் வரவில்லை. பேசப் போகும் விஷயம் அப்படிப்பட்டது. கறிப்பலா மரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் திறந்திருந்தது. பேச்சு கேட்காத தூரம் இல்லை. ஆனால் கேட்காததுபோல நிற்க முடிகிற தூரம்.

பிசிலா சுருட்டிய பாயை அவசரமாகப் பிரித்துப் போட்டாள். அத்தை உட்கார்ந்து விசிறியை எடுத்தாள்.

"ரேடியோல என் பேரை இழுத்தது யாரு?"

"லிசியாத்தே அண்ணன்."

"படுக்கையை இழுத்தது?"

"நான்."

"என் தம்பி என் வீட்டுல கிழங்கை இறக்கி வெச்சுட்டு டீ குடிச்சிட்டிருந்தான். நீ வாயைத் திறந்ததும் கோப்பையைத் தரைல வெச்சுட்டு ஓடினான். இந்த வயசுல, என் கண்ணு முன்னாடி. எனக்கு எப்படி இருக்கும்?"

"சித்தப்பா ஏன் அப்படி ஓடினார்னு கேட்டீங்களா அத்தை?"

"அதைக் கேக்க முடியுமாடி?"

"அப்ப நான் சொல்றேன்."

"சியாலே" என்றாள் பிசிலா. குரல் கெஞ்சியது.

சியாலே நிற்கவில்லை. திங்கட்கிழமை வழக்கு, லிசியாத்தே பேரில். அக்கம்பக்கத்தில் சாட்சி பிடித்தது. மாகாவின் பெயரையும் அவளே சொன்னாள், வேறு எவர் வாயிலிருந்தும் வருவதற்கு முன்னால்.

விசிறி நின்றது. அத்தை பிசிலாவைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

"செத்துப்போன என் தம்பி நிலத்துக்குக் கோர்ட்டு. எனக்குத் தெரியாம."

"உங்ககிட்ட எப்படிச் சொல்லுவார் அத்தை? அக்காகிட்ட அதைச் சொல்ல வாய் வராதே. நீதிபதிகிட்ட மட்டும் வரும். அதான் நான் சொல்றேன், நீங்களும் வாங்க. உங்க குடும்பத்து நிலம், நீங்க இல்லாம எப்படி? ரெண்டு பேரும் முன்வரிசைல உக்காருவோம். நீதிபதி கேப்பார், என்ன பார்த்தீங்க, எங்க பார்த்தீங்கன்னு. சித்தப்பா உங்க முகத்துக்கு முன்னாடி சொல்லட்டும். அண்ணன் என் முகத்துக்கு முன்னாடி சொல்லட்டும்."

அத்தையின் வாயோரம் ஒரு தரம் துடித்தது. கோபமா சிரிப்பா என்று சியாலேக்குப் பிடிபடவில்லை.

"மொசேசே" என்று கூப்பிட்டாள் அத்தை. "திங்கக்கிழமை எனக்கும் வண்டில இடம் வை."

 மரத்தடியிலிருந்து சித்தப்பாவின் குரல், முதுகைத் திருப்பாமல். "நீங்க எதுக்குக்கா அங்கெல்லாம்? வர வேணாம்."

"ஏன் வர வேணாம்?"

சித்தப்பா வண்டிச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஏன்னு சொல்லுடா. அக்கா கேக்கறேன்."

சித்தப்பா காலால் ஒரு பழுத்த இலையை நகர்த்தினார். சொல்ல முடியாததைச் சொன்னால்தான் வர வேண்டாம் என்பதற்குக் காரணம் கிடைக்கும். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது. சியாலேக்கு ஒரு கொடூரமான சந்தோஷம் வந்தது.

அத்தை பிசிலாவின் பக்கம் திரும்பினாள். "நான் போய் உக்காருறேன். அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். நிலம் உன்கிட்ட இருக்கும். ஆனா அந்தத் தச்சன் இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது. முன்வாசலும் கிடையாது, பின்வாசலும் கிடையாது. என் தம்பி படுத்த வீடு இது."

எல்லாம் முடிந்தது என்றுதான் சியாலே நினைத்தாள். அம்மா தலையை ஆட்டுவாள். எந்த மருமகளும் நாத்தனார் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை.

பிசிலா பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "அண்ணி, பாய் கேளுங்க, தர்றேன். நல்ல பன்னியைக் கேளுங்க, கட்டி அனுப்பறேன். சாவுன்னா நீங்க தலைமாட்டுல உக்காருங்க, நான் கால்மாட்டுல உக்காருறேன். அதெல்லாம் உங்க உரிமை. இது அதுல வராது."

"என்ன சொன்ன?"

"அவர் வருவார்."

அத்தை விசிறியை மடியில் வைத்தாள். மூச்சு பெரிதாக ஏறி இறங்கியது. "அப்ப நான் கோர்ட்டுக்கு வரல" என்று எழுந்தாள். "நீங்களாச்சு, அவங்களாச்சு. என்ன வேணா பேசிக்கங்க."

சியாலே அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் பயம் இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கும் யோசனை இல்லை. மரத்தடியில் சித்தப்பாவின் தோள்கள் நிம்மதியாக இறங்கின. அவருக்கும் கேட்டுவிட்டது.

"அத்தை வராட்டிப் போகட்டும்" என்றாள் சியாலே, ஜன்னலைப் பார்த்து, மரத்தடிவரைக்கும் போகும் குரலில். "நான் வருவேன். தங்கச்சி நான் ஒருத்தி போதும். வழக்கு யார் பேர்ல போடுறீங்களோ அவர் எந்திரிச்சு நிக்கிறப்ப நான் எதிர்ல இருப்பேன். வெளிய போகச் சொன்னாலும் போக மாட்டேன். அவர் வேணா போகட்டும்."

 அத்தை வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

லிசியாத்தேதான் வாயைத் திறந்தான், மரத்தைப் பார்த்து. "சித்தப்பா, நான் அங்க போய் நிக்க மாட்டேன்."

"என்னடா?"

"வழக்கு என் பேர்லதானே போட முடியும். போட வேணாம்."

"எடுத்து வளர்த்தேன்டா உன்னை. என் பிள்ளைங்களுக்கு வைக்காம உனக்கு வெச்சேன்."

"இல்லன்னு சொல்லல. உங்க தோட்டத்துல காலத்துக்கும் வெட்டறேன், நடறேன். இது முடியாது. இன்னிக்குக் காலைல அந்த ரூமை விட்டு எந்திரிச்சு வந்தேனே, வெளிய நின்னு வாந்தி எடுத்தேன். கோர்ட்டுல எங்க போய் எடுப்பேன்?"

"அதுக்காக அந்தப் பொம்பளை கண்டவனோட..." சித்தப்பா திரும்பினார். வாசற்படியில் அக்கா நின்றாள்.  வாயை மூடி, வண்டியின் பக்கம் நடந்தார்.

"நிலம் எனக்குத்தான்" என்றான் லிசியாத்தே. அதையும் மரத்திடம்தான் சொன்னான். "நான் ஒண்ணும் தானம் பண்ணல. அவங்க காலத்துக்கு அப்புறம் வரட்டும். காத்திருக்கேன்."

சியாலேக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அவள் பிறந்த வீடு, அவள் களை பிடுங்கிய தோட்டம். அதை அவன் காத்திருந்து வாங்கிக்கொள்வானாம், அதற்கு இவள் மனம் குளிர வேண்டுமாம். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒரு பையனுக்குத் தங்கை முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது, அதனால் இரண்டு பெண்களுக்கு இப்போதைக்குக் கூரை இருக்கிறது. இதற்குப் பெயர் நியாயம் என்று யாராவது வானொலியில் வந்து சொன்னால் அவள் பெட்டியை உடைப்பாள்.

அத்தை வண்டியில் ஏறும் முன் திரும்பினாள். "உன் வாயை உங்கப்பன்தான் கொடுத்தான்" என்றாள். "என்கிட்டேருந்து வாங்கினது அவன்."  வண்டி போனது.

பிசிலா கட்டிவைத்த பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பழைய இடத்தில் விரித்தாள். சியாலே மறுமுனையைப் பிடிக்கப் போனபோது தடுக்கவில்லை.

"எனக்காகப் பேசினேன்னு மட்டும் சொல்லாத" என்றாள் பிசிலா.

"சொல்லலம்மா."

"பின்ன யாருக்காக?"

சியாலே யோசித்தாள். பெண்களுக்காக, நாட்டுக்காக என்று மிஸ் லோசலின் எழுதிக் கொடுக்கிற மாதிரி எதுவும் வாயில் வரவில்லை. "கோபம் வந்துச்சு. பேசிட்டேன்."

"ம்" என்றாள் அம்மா. "அது பரவால்ல. அதை நான் பொறுத்துக்குவேன்."

மறுநாள் காலை தேவாலய மணி அடித்தது. பிசிலா வெள்ளைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் பாயைக் கட்டி, தலையில் எண்ணெய் தடவி வாரினாள். வழக்கமாக அவர்கள் தோட்டங்களுக்கு ஊடே போகும் குறுக்குப் பாதையில் போவார்கள். அவள் முன்வாசலைத் திறந்தாள். தெருவில் குடைகளும் விசிறிகளும் அசைந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரு கணம் நின்றன.

"நிமிர்ந்து நட" என்றாள் மகளிடம்.  தெரு நடுவில் இறங்கி அவள் முன்னால் நடந்தாள்.